வரி, மீட்டர், சிலிண்டர்

சென்னையில் முதல் சொந்த வீட்டுக்குக் குடிபோகும் குடும்பத்தின் கையில் மூன்று தாள்கள் வந்து சேரும்: குடிநீர் வாரியத்தின் வரி ரசீது, ஈ.பி. கார்டு, கேஸ் புக். பால் காய்ச்சும் நாளன்று குழாயில் தண்ணீர் வரவேண்டும், விளக்கு எரியவேண்டும், அடுப்பு பற்றவேண்டும். மூன்றும் ஒரே சமையலறைக்குள் வந்து முடிவதால் மூன்றும் ஒரே ரகம் என்றுதான் தோன்றும். பணம் கட்டப் போகும்போது அப்படியில்லை என்று தெரிந்துவிடும்.

தண்ணீருக்கு விலை வைப்பவர்கள் வீட்டின் மதிப்பைப் பார்க்கிறார்கள். கரண்டுக்கு விலை வைப்பவர்கள் மீட்டரைப் பார்க்கிறார்கள். கேஸ் கொடுப்பவர்கள் ஆளைப் பார்க்கிறார்கள். வீடு கைமாறினால் தண்ணீர் வரிப் பாக்கி வீட்டோடு போகும். மின் பாக்கி இணைப்பு இருக்கும் இடத்தோடு ஒட்டிக்கொள்ளும். கேஸ் இணைப்போ ஆளோடு கிளம்பிவிடும். யாரும் ஒரு நாள் உட்கார்ந்து யோசித்து வகுத்த ஏற்பாடு அல்ல இது. தண்ணீரை நகராட்சி கொண்டுவந்தது, மின்சாரத்தைத் தனியார் கம்பெனி கொண்டுவந்தது, கேஸை எண்ணெய் நிறுவனங்கள் கொண்டுவந்தன. வந்த காலமும் வேறு, கொண்டுவந்தவர்களின் கணக்கும் வேறு. அந்தக் கணக்குகள் ஒன்றோடொன்று கலக்காமலே பல பத்தாண்டுகள் ஓடிவிட்டன.

வீட்டு மதிப்பில் ஒரு குடம்

மதராசில் முதலில் தண்ணீர் கேட்டது கோட்டை. 1772இல் கேப்டன் பேக்கர் என்பவர் பெத்தநாயக்கன்பேட்டையின் வடக்கே கிணறுகள் வெட்டி, அங்கிருந்து புனித ஜார்ஜ் கோட்டைக்குத் தண்ணீர் கொண்டுபோக ஏற்பாடு செய்தார். லாலி தலைமையில் பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டுப் பதின்மூன்று ஆண்டுகள்தான் கழிந்திருந்தன. மதிலுக்கு வெளியே ஆட்கள் போய்ச் சுமந்து வரும் தண்ணீரை நம்பி ஒரு கோட்டை எத்தனை நாள் தாங்கும் என்ற கேள்வி அப்போது கற்பனைக் கேள்வி அல்ல. கிணறுகள் இருந்த பகுதி இன்றும் ஏழுகிணறு என்றே அழைக்கப்படுகிறது. ஊர்மக்களுக்குக் கிடைத்தவை அவரவர் வீட்டுக் கிணறும் கோயில் குளமும்தான்.

ஊருக்கான தண்ணீர் இன்னும் நூறு ஆண்டுகள் காத்திருந்தது. 1866இல் பொறியாளர் வில்லியம் ஃப்ரேசர் ஒரு திட்டம் தந்தார். கொசஸ்தலையாற்றைத் தாமரைப்பாக்கத்தில் தடுத்து, தண்ணீரைச் சோழவரம் ஏரிக்கும் அங்கிருந்து செங்குன்றம் ஏரிக்கும் திருப்பி, பிறகு கீழ்ப்பாக்கம் வரை வாய்க்காலில் விடுவது. 1872இல் தண்ணீர் ஓடத் தொடங்கியது. வாய்க்கால் திறந்த மண் வாய்க்கால். வடிகட்டும் ஏற்பாடு எதுவும் கிடையாது. ஏரியில் என்ன நிறமோ தெருக்குழாயிலும் அதே நிறம். 1914இல் ஜே.ஏ. ஜோன்ஸ் என்ற பொறியாளர் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகளும் மூடிய நீர்த்தேக்கமும் நீராவி பம்புகளும் அமைத்த பிறகே நகரம் தெளிந்த தண்ணீரைப் பார்த்தது.

இவ்வளவு செலவையும் யாரிடம், எப்படி வசூலிப்பது? ஏரிக்கரை, வாய்க்கால், வடிகட்டி, மண்ணுக்கடியில் மைல்கணக்கில் இரும்புக் குழாய் என்று செலவு முழுவதும் தண்ணீர் வீட்டுக்கு வருவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. ஒரு வீட்டில் இரண்டு குடம் கூடுதலாகப் பிடிப்பதால் நகராட்சியின் செலவு பெரிதாகக் கூடிவிடாது. போதாக்குறைக்குக் காலரா பயம் வேறு. குடத்துக்கு இத்தனை காசு என்று விலை வைத்தால் ஏழை மறுபடியும் குட்டைக்குப் போவார். நோய் அங்கிருந்து எல்லாத் தெருவுக்கும் வரும். ஆகவே தண்ணீர், விற்கும் சரக்காக இல்லாமல் வரிக்கு ஈடான சேவையாக வைக்கப்பட்டது. 1919ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சிச் சட்டத்தில் சொத்து வரிக்குள்ளேயே நீர், வடிகால் வரியும் விளக்கு வரியும் இடம்பெற்றன. வீட்டை வாடகைக்கு விட்டால் ஆண்டுக்கு என்ன வருமோ அந்த மதிப்பில் ஒரு பங்கு. மயிலாப்பூரில் பெரிய வீட்டில் தனியாக இருக்கும் ஒருவர் கூடுதலாகக் கட்டுவார்; ராயபுரத்தில் சின்ன வீட்டில் பத்துப் பேராக நெருக்கியிருப்பவர்கள் குறைவாகக் கட்டுவார்கள். யார் எவ்வளவு தண்ணீர் செலவழித்தார்கள் என்பது கணக்கிலேயே வராது.

1978இல் குடிநீரும் கழிவுநீரும் மாநகராட்சியிடமிருந்து பிரிந்து, மக்கள் மெட்ரோ வாட்டர் என்று சொல்லும் தனி வாரியத்துக்குப் போயின. பெயர் மாறியது, வழிமுறை மாறவில்லை. ஆண்டு மதிப்பில் 7 சதவீதம்; அதில் தண்ணீருக்கு ஒன்றரை, கழிவுநீருக்கு ஐந்தரை. இதற்கு மேல், மீட்டர் இல்லாத வீடுகளுக்கு ஒரு நிலையான கட்டணம். அது நெடுங்காலம் மாதத்துக்கு 50 ரூபாயாக இருந்தது.

வரி ஒழுங்காக வந்தது. தண்ணீர்தான் ஒழுங்காக வரவில்லை. ஜோன்ஸ் தம் திட்டத்தை 1961ஆம் ஆண்டை மனத்தில் வைத்துத் தீட்டியிருந்தார். அப்போது நகரத்தில் 6.6 லட்சம் பேர் இருப்பார்கள், ஆளுக்கு நாளொன்றுக்கு 25 காலன் போதும் என்பது கணக்கு. 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சென்னையில் 17 லட்சத்துக்கு மேல் இருந்தார்கள். இடையில் மேயராக இருந்த சத்தியமூர்த்தியின் முயற்சியால் 1940இல் பூண்டியில் அடிக்கல் நாட்டி, 1944இல் ஒரு நீர்த்தேக்கம் கிடைத்தது. அதைத் திறந்து பார்க்க அவர் உயிரோடு இல்லை. பூண்டியும் பெருகிவந்த கூட்டத்துக்கு ஈடுகொடுக்கவில்லை.

குழாயில் அழுத்தம் குறையக் குறைய, சென்னை வீட்டு வாசல்களில் ஒரு புது இரும்புச் சாமான் முளைத்தது: அடி பம்பு. இது கிணற்று பம்பு அல்ல. தெருவில் ஓடும் மெட்ரோ வாட்டர் குழாயிலிருந்து வரும் இணைப்பிலேயே மாட்டியது. தண்ணீர் தானாக மேலே ஏறாது; அடித்துத்தான் எடுக்கவேண்டும். விடிவதற்கு முன் வாசலில் உட்கார்ந்து, பம்பின் வாயில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி, கைப்பிடியை வேகமாக நாலு தடவை அடித்தால் முதலில் காற்று இரையும். பிறகு செம்பழுப்பாகக் கொஞ்சம் வரும். அதைக் கீழே விட்டுவிட்டு, தெளிந்ததும் பிளாஸ்டிக் குடத்தை வைப்பார்கள். வாஷர் தேய்ந்த பம்பு என்றால் பாதித் தண்ணீர் கைப்பிடி ஓரமாகவே வழிந்து போகும். பக்கத்து வீட்டில் யாராவது வேகமாக அடித்தால் இந்த வீட்டில் குறையும். அதை வைத்து எத்தனை சண்டை நடந்திருக்கும் என்பதற்குக் கணக்கில்லை.

வசதி வந்தவர்கள் வாசலில் தரைக்குக் கீழே சம்ப் கட்டினார்கள். பள்ளத்தில் இருப்பதால் அழுத்தம் இல்லாத தண்ணீரும் அதில் சொட்டுச்சொட்டாக நிறையும். அங்கிருந்து மோட்டார் போட்டு மாடித் தொட்டிக்கு ஏற்றினால் குழாயைத் திறந்ததும் தண்ணீர். எவ்வளவு தண்ணீர் வந்தது என்று மெட்ரோ வாட்டர் அளக்காமல் விட்டதை, மோட்டார் ஓடிய நேரமாக ஈ.பி. மீட்டர் அளந்துவிடும். சென்னையின் பல வீடுகளில் தண்ணீருக்கென்று அளந்து கட்டும் காசு கரண்ட் பில்லில்தான் ஒளிந்திருக்கிறது.

ஏரிகள் வறண்ட 2003, 2004இல் குழாய் விநியோகமே நின்று லாரிகள் தெருத்தெருவாக ஓடின. அந்த 2003இல்தான் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. 2019 கோடையில் மறுபடியும் ஏரிகள் காய்ந்தபோது, ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலேறி வில்லிவாக்கத்துக்கு வந்தது. வீட்டு மதிப்பில் போடும் வரிக்குக் குழாயில் எவ்வளவு வந்தது என்று கேட்கும் வழக்கம் கிடையாது. அடுக்ககங்களில் குடியிருப்போர், வரியை ஒரு பக்கம் கட்டிக்கொண்டே தனியார் லாரித் தண்ணீருக்கு மறுபக்கம் காசு கொடுத்தார்கள்.

சுழலும் தட்டு

மின்சாரத்தின் கதை தலைகீழ். இங்கே முதல் நாளிலிருந்தே அளவுதான் பேச்சு.

சென்னையில் 1895 மே 7ஆம் தேதி மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. இந்தியாவிலேயே முதல் மின்சார டிராம் அது. வீடுகளுக்குக் கம்பி இழுக்க இன்னும் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மெட்ராஸ் எலெக்ட்ரிக் சப்ளை கார்ப்பரேஷன் என்ற கம்பெனி உரிமம் பெற்று, பேசின் பிரிட்ஜில் நிலக்கரி எரித்து மின்சாரம் எடுத்து விற்றது. கம்பெனிக்கு வரி போடும் அதிகாரம் இல்லை. பங்குதாரருக்கு லாபம் காட்டவேண்டும். கூடுதலாக எரித்தால் கூடுதலாக நிலக்கரி வேண்டும். ஆகவே ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மீட்டர்.

1910ஆம் ஆண்டு இந்திய மின்சாரச் சட்டம் இந்த வியாபார வழக்கத்தைச் சட்டமாக்கியது. அதன் 26ஆம் பிரிவு மின்சாரத்தைச் சரியான மீட்டரால் அளக்கவேண்டும் என்றது. 24ஆம் பிரிவு, பணம் கட்டாதவருக்கு ஏழு முழு நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு இணைப்பைத் துண்டிக்கலாம் என்றது. கோட்டைக்குத் தண்ணீர் கொண்டுபோன காலத்தில் யாரும் யோசித்திராத இரண்டு விஷயங்கள் இப்படி வீட்டு வாசலுக்கு வந்தன: அளவு, துண்டிப்பு.

நகரத்துக்கு வெளியே மின்சாரம் அரசாங்கத்தின் கையில் வளர்ந்தது. 1927இல் மதராஸ் அரசு தனி மின்துறை தொடங்கியது. நீலகிரியில் 3,000 அடிக்கு மேல் உயரத்திலிருந்து தண்ணீரைக் குழாயில் இறக்கி, சிங்காராவில் மின்சாரம் எடுக்கும் பைக்காரா திட்டம் 1932இல் நிறைவேறியது. கோயம்புத்தூரில் பஞ்சாலைகள் பெருகியதற்கும் கிணறுகளில் பம்புசெட்டுகள் ஏறியதற்கும் பைக்காரா கரண்டுதான் முக்கியக் காரணம். 1937இல் மேட்டூர், 1944இல் பாபநாசம். 1947இல் சென்னைக் கம்பெனியை அரசு எடுத்துக்கொண்டது. மற்ற ஊர்களின் கம்பெனிகளும் படிப்படியாக அரசின் கைக்கு வந்தன. 1957 ஜூலை 1ஆம் தேதி மின்வாரியம் பிறந்தது. கம்பெனிகள் போயின, கம்பெனிக் காலத்து மீட்டரும் துண்டிப்பும் வாரியத்தோடு தங்கிவிட்டன.

பழைய மீட்டரைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது மறக்காது. கறுப்புப் பெட்டி, முன்னால் சின்னக் கண்ணாடி, உள்ளே கிடைமட்டமாக ஒரு அலுமினியத் தட்டு. தட்டின் விளிம்பில் ஒரு வண்ணக் கோடு. ஒரு விளக்கு எரிந்தால் அந்தக் கோடு சோம்பலாக வந்து போகும். இஸ்திரிப் பெட்டி போட்டால் தட்டு பறக்கும். 40 வாட் குண்டு பல்பு 25 மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட் என்பது அந்த நாளைய வீடுகளில் குழந்தைகளுக்கும் மனப்பாடம். பில் கூடுதலாக வந்தால் வீட்டுக்காரர் எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டுத் தட்டு நிற்கிறதா என்று பார்ப்பார். நின்றால் குற்றம் வீட்டில். நிற்காமல் ஊர்ந்தால் வயரிங்கில் கசிவு, ஒயர்மேனைக் கூப்பிடவேண்டும்.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுப்பவர் வருவார். மீட்டர் பெட்டிக்குப் பின்னால் செருகியோ ஆணியில் நூல் கட்டித் தொங்கவிட்டோ வைத்திருக்கும் வெள்ளைக் கார்டை எடுத்து, தேதி, ரீடிங், யூனிட், தொகை எல்லாம் எழுதி, ஓரத்தில் கையெழுத்துப் போடுவார். போன தடவை எண்ணை இந்தத் தடவை எண்ணிலிருந்து கழிக்கும் அந்த நிமிஷம் வீட்டம்மா பக்கத்தில் நிற்பார். எழுதிய நாளிலிருந்து இருபது நாளுக்குள் செக்‌ஷன் ஆபீஸ் கவுன்டரில் கட்டவேண்டும். கடைசி நாளில் வரிசை தெரு முனை வரை நீளும். தவறினால் லைன்மேன் வந்து பீங்கான் ஃபீஸ் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார். அதைப் பிடுங்க ஒரு நொடி; திரும்ப மாட்ட, பாக்கியோடு மறு இணைப்புக் கட்டணமும் கட்டி அலையவேண்டும். 2003ஆம் ஆண்டின் புதிய மின்சாரச் சட்டம் ஏழு நாள் முன்னறிவிப்பைப் பதினைந்து நாளாக்கியது. பிடுங்கும் உரிமையை விடவில்லை.

இரண்டு மாதக் கணக்கு வாரியத்துக்கு ஆள்செலவை மிச்சப்படுத்தியது. படிப்படியாக உயரும் கட்டணம் வந்த பிறகு அதுவே வீடுகளுக்குத் தலைவலியானது. 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி இரண்டு மாதத்தில் சரியாக 500 யூனிட் ஓடிய வீட்டுக்கு 1,725 ரூபாய். 501 யூனிட் ஓடினால் 1,958. ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய், ஏனென்றால் 500ஐத் தாண்டியவருக்கு 101 முதல் 200 வரையிலான யூனிட்டின் விலையும் 2.25 ரூபாயிலிருந்து 4.50 ரூபாயாகிவிடும். ரீடிங் எடுப்பவர் ரெண்டு நாள் தள்ளி வந்தால் அந்தக் கோட்டைத் தாண்டிவிடுவோமோ என்ற பதற்றம் மே மாதத்து வீடுகளில் வழக்கமானது. மாதாமாதம் ரீடிங் எடுப்போம் என்பது 2021 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க. தந்த வாக்குறுதிகளில் ஒன்றானதன் காரணம் இந்த இரண்டு மாதக் கணக்குதான்.

எல்லாருக்கும் மீட்டர் என்ற விதியில் தமிழ்நாடே இரண்டு பெரிய ஓட்டைகளைப் போட்டது. ஒன்று குடிசைக்கு ஒரு விளக்கு; இன்னொன்று விவசாயிகளின் பம்புசெட்டு. பம்புசெட்டுக் கட்டணம் பைசாக் கணக்கில் உயர்ந்ததற்கே கோவை வட்டாரம் கொந்தளித்தது. 1970 ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் போலீஸ் சுட்டதில் மூன்று விவசாயிகள் இறந்தார்கள். 1972இல் நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் மாட்டுவண்டிகளைக் கொண்டுவந்து கோவை நகரை மறித்தார்கள். 1990இல் விவசாய மின்சாரம் இலவசமானது. மீட்டர் இல்லாத இணைப்பில் மோட்டாரின் குதிரைத்திறன்தான் கணக்கு. ஓடிய நேரம் அல்ல. வீட்டு மதிப்பை வைத்துத் தண்ணீர் வரி போட்ட பழைய முறையின் சாயல் இங்கே எட்டிப் பார்க்கிறது. வீடுகளுக்கான சலுகை வேறு வழியில் வந்தது. 2016 மே 23 அன்று முதலமைச்சராகப் பதவியேற்ற ஜெயலலிதா கையெழுத்திட்ட முதல் கோப்புகளில் ஒன்று, இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்ற உத்தரவு. மீட்டர் அப்படியே இருந்தது; அதன் முதல் நூறு எண்களுக்கு மட்டும் விலை போயிற்று.

அந்த நூறு, இணைப்புக்கு நூறு; குடும்பத்துக்கு நூறு அல்ல. ஒரே இணைப்பில் நான்கு வாடகைக் குடும்பங்கள் இருந்தால் நூறை நால்வரும் பங்கிடவேண்டும். பல வீட்டு உரிமையாளர்கள் அந்தப் பங்கீட்டுக்கும் இடம் வைக்காமல் சப் மீட்டர் மாட்டி, முதல் யூனிட்டிலிருந்தே ஒரே விலை வாங்குகிறார்கள். வீடு பார்க்கப் போகும்போதே, "கரண்டு யூனிட்டுக்கு எட்டு ரூபா, தண்ணி மோட்டாருக்குத் தனி, சம்மதம்னா அட்வான்ஸ் கொடுங்க" என்று வாசலிலேயே பேசி முடித்துவிடுவார்கள். கரண்ட் பில் தங்கள் பேரில் வரவேண்டும் என்பதற்காகவே சொந்த வீட்டை நினைப்பவர்கள் உண்டு.

ஆளோடு போகும் அடுப்பு

கல்கத்தாத் தெருக்களில் நிலக்கரி வாயு விளக்குகள் 1857இலேயே எரிந்தன. சென்னைச் சமையலறைக்கு எரிபொருள் குழாயில் வரவில்லை. விறகுத் தொட்டிக்குப் போய் எடை போட்டு விறகு வாங்கிவருவது, கரி அடுப்பு மூட்டுவது, ரேஷனில் வரிசை நின்று சீமெண்ணெய் வாங்கித் திரி ஸ்டவ்விலோ பம்பு ஸ்டவ்விலோ ஊற்றுவது என்று அடுப்படி ஓடியது.

1950களின் நடுவில் பர்மா ஷெல் பம்பாயில் சிலிண்டர் கேஸ் விற்கத் தொடங்கியது. 1965இல் இந்தியன் ஆயிலின் இண்டேன் கல்கத்தாவில் முதல் இணைப்பைக் கொடுத்தது. 1969இல் மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது. 1974க்கும் 1976க்கும் இடையில் எஸ்ஸோவும் பர்மா ஷெல்லும் அரசுடைமையாகி, இந்துஸ்தான் பெட்ரோலியமும் பாரத் பெட்ரோலியமும் ஆயின.

இங்கே புதைக்கக் குழாய் இல்லை, மாட்ட மீட்டர் இல்லை. விற்கும் பொருள் ஒரு எஃகுப் பாத்திரத்துக்குள் 14.2 கிலோவாக வருகிறது. தீர்ந்ததும் பாத்திரம் திரும்பிப் போகிறது. பாத்திரமும் ரெகுலேட்டரும் நிறுவனத்தின் சொத்து, அவற்றுக்கு டெபாசிட். அந்த டெபாசிட்டுக்குக் கொடுத்த சீட்டில் வீட்டின் பேர் இல்லை, ஆளின் பேர்தான் இருந்தது. மூன்று சேவைகளும் பிடித்துவைத்த பிணையைப் பார்த்தாலே அவற்றின் குணம் விளங்கும். தண்ணீருக்கு வீடே பிணை. கரண்டை முதலில் எரித்துவிட்டுப் பிறகு காசு கட்டுவதால் அந்த இடைவெளிக்கு ஒரு டெபாசிட். செலவு கூடினால் வாரியம் கூடுதல் டெபாசிட்டும் கேட்கும். கேஸில் கடன் என்பதே இல்லை. ஆகவே வெறும் சிலிண்டருக்கு மட்டும் பிணை.

ஆளைச் சேர்ந்தது என்பதால்தான் கேஸ் இணைப்பு அத்தனை மதிப்புள்ள சொத்தாக இருந்தது. 1980களில் பேர் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கவேண்டும். நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு இணைப்புக் கூப்பன்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. அதில் ஒன்றைப் பெற ஊர்க்காரர்கள் எம்.பி. வீட்டு வாசலில் காத்திருப்பார்கள். பெண்ணுக்குக் கல்யாணம் பேசும்போதே மாப்பிள்ளை வீட்டில் கேஸ் இருக்கிறதா என்று விசாரிப்பதும், பேர் பதிந்து வைத்த இணைப்பு கல்யாணத்துக்குள் வந்துவிடுமா என்று ஏஜென்சிக்கு நடப்பதும் சகஜம். மாற்றலாகிப் போகும் அரசு ஊழியர் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து, சீட்டு வாங்கிக்கொண்டு, புது ஊரில் அதைக் காட்டி வேறு சிலிண்டர் எடுப்பார். வீட்டு மீட்டரை அப்படித் தூக்கிக்கொண்டு போக முடியாது.

இந்தச் சொத்துக்கு ரேஷன் கார்டில் ஒரு முத்திரை விழுந்தது. ஒரு சிலிண்டர் உள்ளவர்களுக்குச் சீமெண்ணெய் அளவு குறையும். இரண்டு சிலிண்டர் என்றால் கிடையாது. அதனால் ஸ்பேர் சிலிண்டர் வாங்கலாமா வேண்டாமா என்பதே ஒரு குடும்ப விவாதம். ஒன்று மட்டும் இருக்கும் வீட்டில் கேஸ் தீர்வது எப்போதும் விருந்தாளி வந்த நாளில்தான். அன்றைக்குப் பரண்மேல் இருக்கும் பம்பு ஸ்டவ் கீழே இறங்கும்.

2007இல் தமிழ்நாடு அரசு ஏழைக் குடும்பங்களுக்கு அடுப்போடு இலவச இணைப்புக் கொடுக்கத் தொடங்கியதும், 2016இல் மத்திய அரசின் உஜ்வலா வந்ததும், இணைப்பு அரிய பொருள் என்ற காலத்தை முடித்துவைத்தன. 2015 ஜனவரி முதல் மானியம் வங்கிக் கணக்குக்கு வரும் முறை நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது: முழு விலையையும் முதலில் கொடு, மானியம் பின்னால் வரும். டெலிவரி செய்பவர் சிலிண்டரை ஓரமாகச் சாய்த்து மாடிப்படியில் ஒவ்வொரு படியாக ஏற்றிக்கொண்டு வருவது மட்டும் மாறவில்லை. பில் தொகைக்கு மேல் அவர் கையில் கொடுக்கும் காசும் மாறவில்லை.

சாவி கைமாறும்போது

இந்த மூன்று வரலாறுகளும் முதல் வீடு வாங்குகிறவரின் தலையில் ஒரே வாரத்தில் இறங்குகின்றன.

புதிதாகக் கட்டுகிறவர் முதலில் கட்டுமான வேலைக்காகத் தற்காலிக இணைப்பு வாங்குவார். அதன் கட்டணம் வீட்டுக் கட்டணத்தைவிடப் பல மடங்கு. வேலை முடிந்ததும் வீட்டு இணைப்பாக மாற்றவேண்டும். உரிமம் பெற்ற ஒயரிங் ஒப்பந்ததாரர் சோதித்துக் கையெழுத்திட்ட அறிக்கை வேண்டும். 2019ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகளுக்குப் பிறகு, சின்ன வீடுகளுக்கு விலக்குப் போக, மற்றவற்றுக்குக் கட்டட நிறைவுச் சான்றும் வேண்டும். விதிமீறிக் கட்டியதைப் பிடிக்க மாநகராட்சியால் முடியாதபோது, கரண்ட் கொடுக்காமல் பிடிக்கலாம் என்ற யோசனை இது. முழுமையான விண்ணப்பம் வந்து ஒரு மாதத்துக்குள் வாரியம் இணைப்புக் கொடுக்கவேண்டும் என்றது 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம்.

பழைய வீடு வாங்குகிறவருக்கு வேறு கவலை. விற்றவர் வைத்துவிட்டுப் போன மின் பாக்கி யார் தலையில் விழும்? நீதிமன்றங்களில் நெடுநாள் இழுபட்ட கேள்வி இது. 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம், கேரள மின்வாரியம் சம்பந்தப்பட்ட வழக்கில் பல மாநில வழக்குகளையும் சேர்த்து விசாரித்து, முந்தைய உரிமையாளரின் பாக்கியைக் கட்டினால்தான் புது இணைப்பு என்று விநியோக நிறுவனம் நிபந்தனை வைக்கலாம் என்று தீர்ப்பளித்தது. தண்ணீர் வரிப் பாக்கியும் சொத்தின்மேலேயே நிற்கும். ஆகவே பத்திரம் பதியும் முன் கடைசி ஈ.பி. ரசீது, கடைசி மெட்ரோ வாட்டர் ரசீது, கடைசி சொத்து வரி ரசீது மூன்றையும் கேட்டு வாங்குவது புரோக்கர்களும் வக்கீல்களும் சொல்லும் பாலபாடம். விற்றவரின் கேஸ் பற்றி யாரும் கேட்பதில்லை. அது அவரோடு லாரியில் ஏறிவிட்டிருக்கும்.

பழைய எல்லைக்கோடுகள் இப்போது கொஞ்சம் கலைந்துவருகின்றன. 2022 நவம்பரில் தமிழ்நாட்டில் மின் இணைப்பு எண்ணை ஆதாரோடு இணைக்கும் வேலை தொடங்கி, 2023 பிப்ரவரி வரை நீண்டது. இடத்தைச் சேர்ந்ததாக இருந்த கரண்டில் முதன்முறையாக ஆளின் அடையாளம் ஏறியது. தந்தை பேரிலேயே நாற்பது ஆண்டாக ஓடிக்கொண்டிருந்த இணைப்புகளைப் பேர் மாற்ற மக்கள் செக்‌ஷன் ஆபீசுகளுக்குப் படையெடுத்தார்கள். மறுபக்கம், எண்ணூரில் திரவ எரிவாயு முனையம் 2019இல் இயங்கத் தொடங்கிய பிறகு, சென்னையில் சில அடுக்ககங்களுக்குக் குழாய் வழியே சமையல் கேஸ் வருகிறது. சமையலறைச் சுவரில் அதற்கென்று ஒரு மீட்டர். ஆளோடு போய்க்கொண்டிருந்த கேஸ் அங்கே வீட்டோடு தங்கிவிட்டது. தி.நகரில் மின்வாரியம் தொலைவிலிருந்தே ரீடிங் எடுக்கும் ஸ்மார்ட் மீட்டர்களைச் சோதனையாக மாட்டியிருக்கிறது. எல்லா வீட்டுக்கும் அது வந்தால் கார்டில் கையெழுத்துப் போட யாரும் வரவேண்டியதில்லை. மாதக் கணக்குக்கும் வழி பிறக்கும்.

தண்ணீரிலும் மீட்டர் நுழையத் தொடங்கியிருக்கிறது, ஆனால் பெரும்பாலும் வாரியத்தின் வழியாக அல்ல. லாரித் தண்ணீரை நம்பியிருக்கும் பழைய மகாபலிபுரம் சாலை அடுக்ககங்கள் சிலவற்றில் குடியிருப்போர் சங்கங்களே ஒவ்வொரு வீட்டுக் குழாயிலும் மீட்டர் மாட்டி, லிட்டர் கணக்கில் பராமரிப்புக் கட்டணத்தோடு வசூலிக்கின்றன. மெட்ரோ வாட்டரின் வரிச்சீட்டு மட்டும் ஏப்ரலில் ஒன்றும் அக்டோபரில் ஒன்றுமாக, அந்த வீடு வாடகைக்குப் போனால் எவ்வளவு பெறும் என்ற பழைய கணக்கிலேயே இன்றும் வருகிறது.